பேய்க் கப்பலில் ஒரு பாட்டுக்காரன்
பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

பேய்க் கதை என்றாலே பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். "இராத்திரியில் தூங்காமல் அலறுவதற்கா இதையெல்லாம் படிக்கிறீர்கள்?" என்று எங்கள் அன்னையர் கேட்டதுண்டு. அவர்கள் கேட்டதில் தவறில்லை. ஆனால் சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் தோழியர் ஐவர் சேர்ந்து படித்த ஒரு பேய்க் கதை, எங்களை அலற வைக்கவில்லை, வேறொன்று செய்தது. அதைப் பற்றி எழுதவே இந்தக் கட்டுரை.

நாங்கள் படித்தது ஒரு 'மங்கா'. இதைச் சொன்னவுடன் எங்களில் ஒருத்தியின் பாட்டி, "மாங்காய்க் காலம் முடிந்து போயிற்றே, இனி எங்கே கிடைக்கும்?" என்றார்! மங்கா என்பது ஜப்பானியர்கள் சித்திரக்கதைக்கு வழங்கும் பெயர். நம் புத்தகங்களைப் போல இடமிருந்து வலமாக அல்ல, வலமிருந்து இடமாக அதைப் படிக்க வேண்டும். நாம் கடைசிப் பக்கம் என்று நினைப்பதே அதன் முதற் பக்கம். இது தெரியாமல் நாங்கள் முதல் நாள் கதையின் முடிவையே முதலில் திறந்துவிட்டுத் திருதிருவென்று விழித்தோம்.

கதையும் ஆசிரியரும்

அந்தச் சித்திரக்கதையின் பெயர் 'ஒன் பீஸ்'. எழுதி வரைந்தவர் எயிச்சிரோ ஓடா. 1975-ஆம் ஆண்டு ஜப்பானின் குமமோட்டோவில் பிறந்தவர். 1997-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 'வீக்லி ஷோனென் ஜம்ப்' என்னும் வார இதழில் இக்கதையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 22. கதை 25 ஆண்டுகளைத் தாண்டி, 100 தொகுதிகளையும் கடந்துவிட்டது. ஒரே ஆசிரியர் படைத்த சித்திரக்கதைத் தொடர்களில் மிக அதிகப் படிகள் அச்சானது இதுவே என்று 2015-ஆம் ஆண்டில் கின்னஸ் சாதனைப் புத்தகம் அறிவித்தது. அதுவரை அச்சான படிகள் 32 கோடிக்கும் மேல்!

கதையின் தலைவன் லூஃபி என்னும் சிறுவன். எப்போதும் வைக்கோல் தொப்பி அணிந்திருப்பான். கடற்கொள்ளையரின் அரசனாக வேண்டும் என்பது அவன் கனவு. கொள்ளையன் என்று பெயரே தவிர, அவன் ஏழைகளைக் கொள்ளையடிப்பதை நாங்கள் எங்கும் காணவில்லை. இக்கதையின் உலகில் 'பிசாசுக் கனி' என்று ஒன்று உண்டு. அதைத் தின்றவருக்கு ஒரு விசித்திர சக்தி கிடைக்கும். ஆனால் அதன்பின் அவரால் கடலில் நீந்த முடியாது. லூஃபி தின்ற கனியால் அவன் உடல் ரப்பரைப் போல் நீளும். நீந்தத் தெரியாத ஒருவன் கடலையே வீடாகக் கொள்வது எவ்வளவு துணிச்சல்!

இந்த நெடுங்கதையில் 46-ஆம் தொகுதி முதல் 50-ஆம் தொகுதி வரை வருவதே பேய்க் கப்பல் கதை. வார இதழில் 2007, 2008-ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. 'திரில்லர் பார்க்' என்று அதற்குப் பெயர். இங்கே பார்க் என்றால் பூங்கா அல்ல. ஒருவகைப் பாய்மரக் கப்பலுக்கு ஆங்கிலத்தில் அப்படிப் பெயர் உண்டு.

பனிமூட்டத்தில் ஒரு குரல்

லூஃபியும் அவனுடைய ஏழு தோழர்களும் பயணம் செய்யும்போது, பகலிலும் இருள் சூழ்ந்த ஒரு கடற்பகுதிக்குள் நுழைந்துவிடுகிறார்கள். அதன் பெயர் ஃபுளோரியன் முக்கோணம். கதைப்படி அங்கே ஆண்டுதோறும் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் காணாமற் போகின்றன. எங்கு நோக்கினும் பனிமூட்டம். திடீரென்று அந்த மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பாட்டுக் குரல் கேட்கிறது. கிழிந்த பாய்களும் முறிந்த மரங்களுமாக ஒரு பழைய கப்பல் அருகே வருகிறது. அதன் விளிம்பில் நின்று பாடுவது யார்? ஓர் எலும்புக்கூடு!

இந்த இடத்தில் நாங்கள் புத்தகத்தை மூடிவிட்டோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். மறுநாள் பகல் வெளிச்சத்தில்தான் மீண்டும் திறந்தோம்.

திறந்தால், அந்த எலும்புக்கூடு நல்ல மரியாதை தெரிந்த மனிதர்! பெயர் புரூக். கையில் ஊன்றுகோல், தலையில் உயரமான தொப்பி, அதன் கீழே புதர் போன்ற சுருட்டை முடி. தமக்குக் கண்ணே இல்லை, தோலே இல்லை என்று தம்மைத் தாமே கேலி செய்துகொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறார். லூஃபிக்கு அவரைப் பிடித்துப் போகிறது. தன் கப்பலுக்கே அழைத்து வந்து விருந்து வைக்கிறான். அப்போதுதான் மற்றவர்கள் ஒன்றைக் கவனிக்கிறார்கள். கண்ணாடியில் அவர் உருவம் தெரியவில்லை. விளக்கொளியில் அவருக்கு நிழலும் விழவில்லை.

உண்மையான ஆளில்லாக் கப்பல்கள்

இதெல்லாம் ஓடாவின் கற்பனைதான். ஆனால் பேய்க் கப்பல் என்ற எண்ணம் கடலோடிகளிடையே மிகப் பழையது. தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையருகே, கரை சேர முடியாமல் என்றென்றும் அலையும் 'பறக்கும் டச்சுக்காரன்' என்ற கப்பலைப் பற்றி ஐரோப்பிய மாலுமிகள் பேசிக்கொண்டார்கள். 1872-ஆம் ஆண்டு நவம்பரில் நியூயார்க்கிலிருந்து இத்தாலிக்குப் புறப்பட்ட 'மேரி செலஸ்ட்' என்ற கப்பல், டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அட்லாண்டிக் கடலில் ஆளின்றி மிதந்துகொண்டிருந்தது. சரக்கு பெரும்பாலும் அப்படியே இருந்தது. உயிர்காக்கும் படகு மட்டும் இல்லை. கப்பல் தலைவர், அவர் மனைவி, 2 வயது மகள் உட்பட அதில் சென்ற 10 பேரும் பிறகு கிடைக்கவே இல்லை.

ஜப்பானியர்களிடம் வேறொரு நம்பிக்கை இருந்தது. கடலில் மூழ்கி இறந்தவர்கள் இரவில் படகை நெருங்கி, நீர் மொள்ளும் அகப்பை ஒன்று கேட்பார்களாம். கொடுத்தால் அதனாலேயே கடல்நீரை மொண்டு ஊற்றிப் படகை மூழ்கடித்து விடுவார்களாம். அதனால் மீனவர்கள் அடியில்லாத அகப்பை ஒன்றைத் தயாராக வைத்திருந்து கொடுப்பார்களாம். பேயையே ஏமாற்றும் சாமர்த்தியம்!

2011-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜப்பானைத் தாக்கிய சுனாமியில் 'ரியோ-உன் மாரு' என்ற மீன்பிடிக் கப்பல் அடித்துச் செல்லப்பட்டது. ஓராண்டு ஆளில்லாமல் பசிபிக் பெருங்கடலைக் கடந்து, 2012-இல் கனடாக் கரைக்கு அப்பால் காணப்பட்டது. மற்றக் கப்பல்களுக்கு ஆபத்து என்று கருதி அமெரிக்கக் கடலோரக் காவற்படை அதை அலாஸ்கா வளைகுடாவில் மூழ்கடித்தது.

இவற்றையெல்லாம் அறிந்தபோது எங்களுக்கு ஒன்று புரிந்தது. ஆளில்லாத கப்பலைக் கண்டு மனிதர் நடுங்குவது பேய்க்காக மட்டும் அல்ல. "இதில் இருந்தவர்கள் எங்கே? அவர்களுக்காக வீட்டில் யார் காத்திருக்கிறார்கள்?" என்ற கேள்விதான் நம்மை நடுங்க வைக்கிறது. ஓடாவின் கதையும் அந்தக் கேள்வியைத்தான் தொடுகிறது.

நிழல் திருடன்

புரூக்கின் நிழல் எங்கே போயிற்று? ஐந்து ஆண்டுகளுக்கு முன் அதை ஒருவன் வெட்டி எடுத்துக்கொண்டான். அவன் பெயர் கெக்கோ மோரியா. மேற்குக் கடலிலிருந்த ஒரு தீவையே கப்பலில் ஏற்றி வைத்திருக்கிறான். அதுதான் திரில்லர் பார்க். காடும் கல்லறைத் தோட்டமும் மாளிகையும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

மோரியா செய்வது இதுதான். மனிதரின் நிழலைத் தரையிலிருந்து துணியை உரிப்பதுபோல் பிடித்துத் தூக்கி, பெரிய கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பான். ஹாக்பேக் என்ற மருத்துவர் இறந்தவர் உடல்களைத் தைத்து ஒட்டி வைத்திருப்பார். அந்த உடலுக்குள் மோரியா நிழலைப் புகுத்துவான். பிணம் எழுந்து நடக்கும்! உடலின் வலிமை இறந்தவருடையது. போரிடும் திறமையோ நிழலுக்கு உரியவருடையது. நிழலை இழந்தவர் கதி என்ன? வெயில் பட்டால் அவர் உடல் மறைந்து போகும். ஆகவே வாழ்நாள் முழுவதும் இருட்டிலேயே ஒளிந்து கிடக்க வேண்டும்.

லூஃபியும் இரண்டு தோழர்களும்கூட நிழலைப் பறிகொடுக்கிறார்கள். பொழுது விடிவதற்குள் மீட்க வேண்டும். ஐந்து தொகுதிகளில் பெரும்பகுதி அந்த ஓர் இரவுக்குள் நடக்கிறது. இடையிடையே சிரிப்புக்கும் குறைவில்லை. பெரோனா என்ற பெண் அனுப்பும் ஆவிகள் ஒருவர் உடலுக்குள் புகுந்து சென்றால், அவர் தன்னம்பிக்கை இழந்து தரையில் விழுந்துவிடுவார். ஆனால் பயந்தாங்கொள்ளியான உசோப்பை மட்டும் அவை ஒன்றும் செய்ய முடியாது. ஏனென்றால் தன்னைத் தாழ்வாக நினைப்பதில் அவனை மிஞ்ச ஆளே இல்லை! கணக்குத் தேர்வு நாளன்று எங்கள் வகுப்பிலும் அந்த ஆவிகளுக்கு வேலை இருக்காது என்று பேசிச் சிரித்தோம்.

உப்பின் வலிமை

நடமாடும் பிணங்களை வெல்ல வழி என்ன? உப்பு! வாயில் உப்பைப் போட்டால் நிழல் வெளியேறி, உரியவரிடம் திரும்பிவிடும். பிசாசுக் கனியின் சக்திக்குக் கடல்தான் பகை. உப்பில் கடலின் சக்தி அடங்கியிருக்கிறது என்று கதை விளக்குகிறது. ஆனால் இதன் பின்னணியில் ஜப்பானிய வழக்கமும் இருக்கிறது. சுமோ மல்லர்கள் போட்டிக்கு முன் களத்தில் உப்பைத் தூவித் தூய்மை செய்வார்கள். இறுதிச் சடங்குக்குச் சென்று திரும்புவோர் வீட்டுக்குள் நுழையுமுன் தம்மீது சிறிது உப்பைத் தூவிக்கொள்வதும் அங்கே வழக்கம். ஒரு சித்திரக்கதைக்குள் ஒரு நாட்டின் பழக்கவழக்கம் இப்படிச் சத்தமின்றி ஒளிந்திருக்கிறது.

திமிங்கலத்துக்குத் தந்த வாக்கு

இனிமேல்தான் கதையின் இதயம். புரூக் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் இசைக் குழுவைப் போன்ற கொள்ளையர் கூட்டத்தில் இருந்தவர். லாபூன் என்னும் குட்டித் திமிங்கலம் ஒன்று அவர்களுடைய பாட்டில் மயங்கிப் பின்னாலேயே வந்தது. முன்னால் இருந்ததோ ஆபத்தான கடல். ஆகவே அதை ஒரு கலங்கரை விளக்கக் காவலரிடம் ஒப்படைத்து, "உலகைச் சுற்றிவிட்டுத் திரும்பி வருவோம்" என்று வாக்களித்துச் சென்றார்கள்.

அவர்கள் திரும்பவில்லை. பகைவரின் நஞ்சு தோய்ந்த ஆயுதங்களால் எல்லாரும் இறக்கும் நிலைக்கு வந்தார்கள். அப்போது அவர்கள் செய்தது என்ன தெரியுமா? லாபூனுக்குக் கொடுப்பதற்காக, ஒலியைச் சேமிக்கும் ஒரு சங்கில் தங்கள் கடைசிப் பாட்டைப் பதிவு செய்தார்கள். பாடப் பாட ஒவ்வொருவராக விழுந்தார்கள். நால்வர் பாடிய பாட்டு மூவர் பாட்டாயிற்று, மூவர் இருவரானார்கள், கடைசியில் புரூக் ஒருவரின் இசை மட்டும் எஞ்சியது. பிறகு அதுவும் நின்றது.

ஆனால் புரூக் தின்றிருந்த கனி, இறந்தவரை ஒருமுறை மட்டும் மீண்டும் உயிர்ப்பிக்கும் கனி. அவருடைய ஆன்மா பனிமூட்டத்தில் வழிதவறி, தன் உடலைக் கண்டுபிடிக்க ஓர் ஆண்டு ஆகிவிட்டது. அதற்குள் உடல் எலும்புக்கூடாகிவிட்டது! முடி மட்டும் உதிரவில்லை. கப்பலின் சுக்கான் உடைந்திருந்ததால் எங்கும் போக முடியாமல், தோழர்களின் எலும்புகளோடு ஐம்பது ஆண்டுகள் தனியாக இருந்தார். சண்டையில் ஒரு பகைவன் அவர் முடியை வெட்டப் போகும்போது புரூக் கெஞ்சுகிறார். நாங்கள் முதலில் அதை வேடிக்கை என்றே நினைத்தோம். பிறகுதான் காரணம் தெரிந்தது. முகமே இல்லாத தம்மை லாபூன் அடையாளம் காண அந்த முடி ஒன்றுதான் மிச்சம்.

இதில் ஓடாவின் பொறுமையையும் சொல்ல வேண்டும். லாபூன் வருவது 12-ஆம் தொகுதியில். தீவு போல் வளர்ந்துவிட்ட அந்தத் திமிங்கலம், தோழர்கள் வரவில்லையே என்று மலைச்சுவரில் தலையை மோதிக்கொண்டு கதறும். லூஃபி அதனுடன் சண்டையிட்டு, "மீண்டும் வருவேன், அதுவரை மோதாதே" என்று அதன் நெற்றியில் தன் கொடிச் சின்னத்தை வரைந்துவிட்டுப் போவான். லாபூன் யாருக்காகக் காத்திருந்தது என்ற கேள்விக்கு 34 தொகுதிகளுக்குப் பிறகுதான் புரூக் விடையாக வருகிறார்.

மோரியா தோற்று, சூரியன் உதித்து, நிழல்கள் எல்லாம் உரியவரிடம் திரும்பிய பின், புரூக் பியானோ வாசித்துக்கொண்டிருக்கும்போது லூஃபி சொல்கிறான்: லாபூன் இன்னும் காத்திருக்கிறது என்று. கண்ணே இல்லாத அந்த முகத்திலிருந்து கண்ணீர் வழிகிறது. நாங்கள் ஐவரும் அழுதது அங்கேதான்.

இருவர், ஒரே துயரம்

கதையை முடித்தபின் எங்களுக்குள் ஒரு வாதம் எழுந்தது. மோரியா ஏன் இவ்வளவு கொடியவன் ஆனான்? அதற்கும் கதையில் காரணம் உண்டு. அவனும் ஒரு காலத்தில் நல்ல தோழர்களுடன் கடலில் சென்றவனே. பெரும்போர் ஒன்றில் அவர்கள் அனைவரையும் இழந்தான். உயிரோடு இருப்பவர்களைத்தானே சாவு பறிக்கிறது, பிணங்களையே தோழர்களாக்கிக்கொண்டால் இழப்பே இல்லையே என்று எண்ணினான்.

பாருங்கள்: புரூக்கும் எல்லாரையும் இழந்தவர், மோரியாவும் எல்லாரையும் இழந்தவன். ஒருவன் இறந்தவர்களைத் தூங்கவிடாமல் எழுப்பித் தன் வேலைக்காரர்களாக்கினான். அதற்காக உயிரோடிருப்பவர்களின் வெளிச்சத்தையும் பறித்தான். மற்றவர் இறந்தவர்களின் பாட்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு, அவர்கள் தந்த வாக்கைத் தாம் சுமந்தார். இருவரில் பேய் யார்? எலும்புக்கூடாக நிற்பவர் அல்லர் என்பதில் எங்கள் ஐவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கதையில் குறையே இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பெண்களைக் குறித்து வரும் சில வேடிக்கைகள் எங்களுக்குப் பிடிக்கவில்லை. சண்டைக் காட்சிகளும் சில இடங்களில் நீண்டு சலிப்பூட்டுகின்றன. சிறு தங்கையர் கையில் இதைக் கொடுக்குமுன் பெரியவர்கள் பார்ப்பது நல்லது.

எங்கள் தோழி

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறோம். எங்கள் ஐவரில் ஒருத்தியின் தாத்தா சென்ற ஆண்டு காலமானார். அவர் அவளுக்கு அனுப்பிய குரற் செய்திகள் கைப்பேசியில் அப்படியே இருந்தன. அவள் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை, அழிக்கவும் இல்லை. இது எங்களுக்கே தெரியாது. 50-ஆம் தொகுதியை மூடிய அன்றுதான் சொன்னாள்: "பேய்க்குப் பயப்படுவது மாதிரி அந்தக் குரலுக்குப் பயந்துகொண்டிருந்தேன்."

அவள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து ஒன்றைப் போட்டாள். தாத்தா பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "கண்ணு, பஸ் வந்துடுச்சா? வானம் இருட்டிக்கிட்டு வருது, குடை எடுத்துக்கிட்டுப் போ" என்றார். அவ்வளவுதான். அவள் இரண்டாம் முறையும் போட்டாள். அதற்குள் உள்ளேயிருந்து அவளுடைய அம்மா, "யாருடி அது, அப்பா குரல் மாதிரி இருக்கே?" என்று கேட்டுக்கொண்டே வந்து, எங்களோடு படியில் உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் முறை அவருக்காகப் போட்டாள்.

முடிவுரை

புரூக் உடனே லாபூனிடம் ஓடவில்லை. உலகைச் சுற்றி முடித்துவிட்டு, தோழர்கள் சொன்னபடியே அதன் முன்னால் போய் நிற்க வேண்டும் என்று லூஃபியின் கப்பலில் ஒன்பதாவது ஆளாகச் சேருகிறார். அந்தச் சங்கும் அவரோடு போகிறது. ஆகவே, அன்பான பெற்றோரே, அருட்சகோதரியரே! உங்கள் மகள் ஒரு பேய்க் கதையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதால், "பயந்துவிட்டாயா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "யாரை நினைத்துக்கொண்டாய்?" என்றும் கேட்டுப் பாருங்கள்.